வாயை மட்டும் அசை

2022 மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். இலங்கை மலையகத்தில், நோர்வூட்டிலிருந்து மஸ்கெலியாவுக்குப் போகும் பாதையில் எங்கள் தேயிலைத் தோட்டம். மண்ணெண்ணெய்க்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. மெழுகுதிரியின் விலையைக் கேட்டால் இருட்டே மேல் என்று தோன்றும். இரவு ஏழு மணிக்கெல்லாம் லயங்கள், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், கறுத்துப்போய்விடும். தொலைக்காட்சி இல்லை, கோயில் ஒலிபெருக்கி இல்லை, கைத்தொலைபேசியில் உயிர் இல்லை. ஆட்கள் இஸ்தோப்புத் திண்ணையில் வந்து சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

அப்படி ஓர் இரவில் மேல் லயத்திலிருந்து ஒரு தாலாட்டு கிளம்பியது. தோட்டம் முழுவதும் ‘அம்மாயி’ என்று அழைக்கும் கிழவி, பேத்தியின் பிள்ளையைத் தூங்கவைக்கப் பாடியது. அடியின் வாலைப் பக்கத்துக் குடும்பத்தின் காம்பராவிலிருந்து இன்னொரு குரல் பிடித்து இழுத்தது. பிறகு கீழ் லயத்திலும் யாரோ சேர்ந்துகொண்டார்கள். முகம் ஒன்றும் தெரியவில்லை, குரல் மட்டும் மலைச்சரிவில் ஏறி இறங்கியது. பிள்ளை தூங்கியதோ என்னவோ, பெரியவர்கள் ஒருவரும் அன்றைக்குச் சீக்கிரம் தூங்கவில்லை.

நான் பாடவில்லை. பாடத் தெரியாதவன் என்பதற்கு என்னிடம் ஐம்பது வருடப் பழைய சான்றிதழ் இருந்தது. 1972இல் பாடசாலை விழாவுக்குப் பாட்டுப் பழகியபோது, சொல்லித் தந்தவர் என் பக்கத்தில் வந்து காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “நீ வாயை மட்டும் அசை” என்றார். பதினொரு வயது. விழாவில் அப்படியே அசைத்தேன். அதன்பின் கோயிலில், கல்யாணத்தில், தேசிய கீதத்தில்கூட அசைத்துக்கொண்டுதான் இருந்தேன். 2021இல் கணக்கு ஆசிரியராக ஓய்வு பெற்று, ஏழு பேர்ச் காணியில் கட்டிய வீட்டில் உட்கார்ந்தபோது பேச்சும் குறைந்துவிட்டது. பிள்ளைகள் கொழும்பில். மாதத்துக்கு ஒரு கிளினிக், தினம் ஒரு பிரஷர் மாத்திரை, மனைவியோடு சோற்றுக்கும் குழம்புக்கும் இடையில் நாலு வார்த்தை.

அந்த இருட்டுக் காலத்தில் ஒவ்வொரு இரவும் பாட்டு நடந்தது. அம்மாயிக்குத் தெரியாத பாட்டு இல்லை. தாலாட்டு, கும்மி, காமன் கூத்துப் பாட்டு, நிரையில் நின்று கொழுந்து பறிக்கும்போது பாடியவை, கங்காணியைத் திட்டுவதற்கென்றே கட்டியவை. “நேரே திட்டினால் பேர் வெட்டி நாள் சம்பளத்தைக் கெடுத்துவிடுவான். பாட்டில் திட்டினால் அவனும் தலையாட்டிக்கொண்டு நிற்பான்” என்பார். இந்தப் பாட்டுகளை மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகத் தேடித் தொகுத்திருக்கிறார் என்பதைப் படித்திருக்கிறேன். ஆனால் என் வீட்டிலிருந்து முந்நூறு அடி தூரத்தில் ஒரு தொகுப்பு வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியாது.

பிறகு மின்சாரம் வந்தது. பாட்டு நின்றது. யாரும் நிறுத்தவில்லை. நாடகத் தொடர் தொடங்கும் நேரமும் பாட்டு நேரமும் ஒன்றாக இருந்தன, அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து என் மனைவிதான் சொன்னார்: “கரண்ட் போனபோது நீங்கள் இப்படி இல்லை.” எப்படி என்று கேட்டேன். “இப்படி” என்று சுவரைக் காட்டினார்.

கோயில் மண்டபத்தில் கூடிப் பாடலாம் என்று நான் தலைவரிடம் போய்க் கேட்டது அதற்குப் பிறகுதான். பாடத் தெரியாதவன் பாட்டுக் குழு தொடங்குகிறான் என்று தோட்டம் சிரித்தது. அது ஒரு வகையில் நல்லதாயிற்று. வாத்தியார் சேரே பாடுகிறார் என்றால் நமக்கென்ன வெட்கம் என்று பலர் வந்தார்கள்.

தொடங்கியபோது செய்த பிழைகளைச் சொல்கிறேன். வேறு தோட்டத்தில் யாராவது தொடங்க நினைத்தால் உதவும்.

முதல் பிழை நேரம். ஞாயிறு மாலை ஆறு மணி என்று அறிவித்தேன். ஆண்கள் வந்தார்கள், பெண்கள் வரவில்லை. ஆறு மணி உலை வைக்கும் நேரம் என்பது எனக்கு உறைக்கவில்லை. அதோடு எங்கள் பக்கம் சிறுத்தை நடமாட்டம் உண்டு. இருட்டியபின் தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதையில் யார் வருவார்கள்? நான்கு மணிக்கு மாற்றினோம். துணி துவைத்து, விறகு கட்டி முடித்த கையோடு வந்துவிடுவார்கள். ஐந்தேகாலுக்கு முடியும். சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிறன்று கூட்டம் குறையும், அதற்காக மனம் உடையக் கூடாது. ஞாயிறு பின்னேரம் என்பதால் சிலர் கொஞ்சம் ‘போட்டுக்கொண்டு’ வந்தார்கள். நான் விரட்டப் பார்த்தேன். அம்மாயி வேறு சட்டம் வைத்தார்: குடித்தவன் உட்காரலாம், பின்பாட்டுப் பாடலாம், முன்பாட்டு எடுக்கக் கூடாது. இரண்டு பேர் முன்பாட்டு ஆசைக்காகவே ஞாயிறன்று குடிக்காமல் வருகிறார்கள். மற்றக் கிழமைகளைப் பற்றி நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

இரண்டாவது பிழை தாள். வாத்தியார் புத்தி, நோர்வூட் டவுனுக்குப் போய்ப் பாட்டு வரிகளைப் போட்டோ கொப்பி எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தேன். குரல் செத்துவிட்டது. ஏனென்று பிறகு யோசித்தேன். தாளைப் பார்க்கத் தலை குனிகிறது, தாடை நெஞ்சில் இடிக்கிறது, சத்தம் தரைக்குப் போகிறது. பக்கத்தில் இருப்பவரின் வாயையும் மூச்சையும் யாரும் பார்ப்பதில்லை. அதைவிட மோசம், எழுத்துக் கூட்ட முடியாத நாலைந்து பேர் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கூனிக் குறுகியிருந்தார்கள். மறுவாரம் தாள்களை மடித்து வைத்துவிட்டு, ஒருவர் அடி எடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்லும் பழைய முறைக்குப் போனோம். மலையில் நிரையில் நின்றவர்கள் பாடிய முறை அதுதான். மார்கழி பஜனையும் அப்படித்தான் லயம் லயமாகச் சுற்றி வரும். எழுத வாசிக்கத் தெரியாதவரும் முதல் நாளே முழுப் பாட்டும் பாடிவிட்டுப் போகலாம்.

மூன்றாவது சுருதி. ஹார்மோனியம் வாசிப்பவர் தன் தொண்டைக்கு ஏற்ற கட்டையில் பிடித்தார். பெண்களுக்கு அது கிணற்றுக்குள்ளும் எட்டாமல், கூரையிலும் எட்டாமல் இருந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. இப்போது அம்மாயி வெறுங்குரலில் ஓரடி பாடுவார். அந்த இடத்தை ஹார்மோனியக்காரர் தேடிப் பிடிப்பார். வயதான பெண்ணின் குரல் எங்கே சௌகரியமாக உட்காருகிறதோ, அங்கே பெரும்பாலும் எல்லோரும் உட்காரலாம் என்பது நாங்கள் கண்ட கணக்கு.

தப்பு என்னும் பறை மேளத்தின் விஷயத்தில் ஒரு சச்சரவு வந்தது. முன்பு காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பிரட்டுக்கு ஆட்களை எழுப்பியது தப்புச் சத்தம்தான், காமன் கூத்தும் தப்பில்லாமல் நடக்காது. ஆனால் மண்டபத்துக்குள் அதைக் கொண்டுவரக் கூடாது என்று ஒரு பெரியவர் எழுந்தார். காரணத்தை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, எங்கள் ஊரில் சொல்லவும் தேவையில்லை. அம்மாயி கேட்டார்: “உன் அப்பன் செத்தபோது எது முன்னால் போனது?” தப்பு உள்ளே வந்தது. அந்தப் பெரியவர் ஆறு வாரம் வரவில்லை. ஏழாவது வாரம் வாசற்படியில் உட்கார்ந்தார். இன்றைக்கும் வாசற்படிதான்.

இவையெல்லாம் ஒரு பக்கம் இருக்க, எனக்கு உடம்பில் ஏதோ நடப்பது தெரிந்தது. ஞாயிறு இரவு தூக்கம் நன்றாக வந்தது. கணக்கு வாத்தியார் எண்ணாமல் இருப்பானா? சும்மா உட்கார்ந்திருக்கையில் நிமிடத்துக்கு 16 மூச்சு விடுகிறேன். நீட்டி இழுக்கும் பஜனைப் பாட்டில் அது ஆறு அல்லது ஏழு. அடி முடியும் வரை மூச்சை மெல்ல மெல்லச் செலவழிக்க வேண்டும், முடிந்ததும் ஓர் இழுப்பு. மூச்சு உள்ளே போகும்போது இதயம் சற்று விரைந்து துடிக்கும், வெளியே விடும்போது தணியும். இது அநேகமாக எல்லா மனிதருக்கும் பொது. அப்படியானால் முப்பது பேர் ஒரே அடியில் ஒரே இடத்தில் மூச்செடுத்தால், முப்பது இதயங்களும் சேர்ந்தல்லவா ஏறி இறங்க வேண்டும்? நானாகக் கண்டுபிடித்துவிட்டதாக மகிழ்ந்திருந்தேன். மகள் கைத்தொலைபேசியில் தேடிக் காட்டினாள்: சுவீடனின் கோதன்பர்க்கில் 2013இலேயே செய்துவிட்டார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் 15 பேரை முனகவும், ஒரு துதிப்பாட்டுப் பாடவும், மெதுவான ஒரு மந்திரத்தைச் சொல்லவும் வைத்து இதயத் துடிப்பை அளந்திருக்கிறார்கள். சேர்ந்து பாடும்போது துடிப்புகளும் சேர்ந்தே ஏறி இறங்கின. மந்திரத்தின் அடிகளுக்கு இடையில் மட்டும் மூச்செடுத்தபோது அது இன்னும் துலக்கமாகத் தெரிந்திருக்கிறது.

அதனால் எங்கள் முதல் பாட்டு எப்போதும் மெதுவான நீண்ட பாட்டு. துள்ளல் பாட்டுகள் பிறகு. இளையவர்கள் முணுமுணுப்பார்கள், விட்டுக்கொடுப்பதில்லை.

மகள் அனுப்பியவற்றில் இன்னொன்று என்னைச் சிந்திக்க வைத்தது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தினர் புதிதாகத் தொடங்கிய பாட்டு வகுப்புகளையும், கைவினை, எழுத்து வகுப்புகளையும் ஏழு மாதம் கவனித்து 2015இல் எழுதியது. ஏழு மாத முடிவில் எல்லா வகுப்பிலும் ஆட்கள் ஏறக்குறைய ஒரே அளவு நெருக்கமாகிவிட்டார்கள். ஆனால் பாடியவர்கள் முதல் மாதத்திலேயே நெருங்கிவிட்டார்கள். எங்கள் தோட்டத்தில் இரண்டு தொழிற்சங்கங்கள். ஒரு சங்கத்து வீட்டுச் சாவுக்கு மற்றச் சங்கத்தார் வெளியே நின்று தலைகாட்டிவிட்டுப் போன காலமும் உண்டு. மூன்றாவது ஞாயிறே இரு தரப்பும் ஒரே பாயில் உட்கார்ந்து பால் விடாத சாயத் தண்ணீர் குடித்தார்கள். சங்கப் பகை தீர்ந்தது என்று எழுத ஆசை. தீரவில்லை. தேர்தல் வந்தால் மறுபடி முறைத்துக்கொள்வார்கள். ஆனால் ஒருவர் வீட்டில் காய்ச்சல் என்றால் மற்றவருக்கு இப்போது தெரிகிறது.

1930களில் தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் கூட்டங்களில் அவர் மனைவி மீனாட்சியம்மாள் பாடித்தான் தொழிலாளரைத் திரட்டினார் என்பார்கள். பேச்சுக்கு முன்னால் பாட்டு. அந்த அம்மையாருக்கு எந்த ஆய்வும் தேவைப்படவில்லை.

வலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழுந்துக் கூடையின் கயிற்றை முன்தலையில் மாட்டி முப்பது வருடம் நடந்தவர்களுக்குக் கழுத்தும் தோளும் ஒருநாளும் சும்மா இருப்பதில்லை. பாடி முடித்துப் போகும்போது வலி தெரிவதில்லை என்று பெண்கள் சொன்னதை நான் மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்டேன். லண்டனில் சேர்ந்து பாடுகிறவர்களிடம் அளந்து, 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றரை மணி நேரம் பாடியபின் வலியைத் தாங்கும் எல்லை உயர்ந்திருந்தது. சின்னக் குழுக்களிலும் சரி, அவை ஒன்றாகக் கூடிய 232 பேர் கூட்டத்திலும் சரி. அதே 2016இல் வேல்ஸ் நாட்டில் புற்றுநோயாளிகள், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள், பறிகொடுத்தவர்கள் என 193 பேரிடம் செய்த ஆய்வில், ஒரு மணி நேரப் பாட்டுக்குப் பின் மனஅழுத்தத்துக்கான கோர்ட்டிசோல் சுரப்பு குறைந்திருந்தது. மனம் மிகவும் சோர்ந்திருந்தவர்களுக்கே மனநிலை அதிகம் தேறியது. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம். என் பிரஷர் மாத்திரை இன்னும் தொடர்கிறது, அளவுகூடக் குறையவில்லை. வாழ்க்கையே வேண்டாம் என்கிற அளவுக்கு ஒருவர் போய்விட்டால் மண்டபத்துக்கு அல்ல, வைத்தியரிடம்தான் முதலில் கூட்டிப் போக வேண்டும். அப்படி ஒருவரை நாங்கள் கூட்டிப் போனோம். வாரம் தவறினால் கவனிக்க ஆட்கள் இருந்ததால்தான் அது தெரிந்தது.

பறிகொடுத்தவர்கள் என்றதும் ஒப்பாரி நினைவுக்கு வருகிறது. ஒருவர் தோளை ஒருவர் பற்றி வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி சொல்ல மற்றவர்கள் சேர்ந்து அழும் அந்தப் பாட்டு. படித்த நாங்கள் அதைப் பட்டிக்காட்டுத்தனம் என்று ஒதுக்கினோம். நானே ஒதுக்கினேன். என் அம்மா இறந்தபோது ஒலிபெருக்கியில் பக்திப் பாடல் போட்டு, ஒப்பாரி வைக்க வந்த பெண்களை ‘கொஞ்சம் அமைதியாக’ என்றேன். போன வருடம் எங்கள் குழுவில் ஒருவரின் மகன் விபத்தில் போனான். அம்மாயியும் பெண்களும் மூன்று மணி நேரம் ஒப்பாரி வைத்தார்கள். அதுவரை கல்லாக நின்ற தாய் இரண்டாவது மணியில் வாய் திறந்து தானே ஓரடி எடுத்தார். அன்றிரவு வீட்டுக்கு வந்து என் அம்மாவை நினைத்து நான் அழுதேன். பதினெட்டு வருடம் தாமதம்.

சளி, இருமல் உள்ளவர்கள் அந்த வாரம் வரக் கூடாது என்பது எங்கள் கண்டிப்பான விதி. மழையோ குளிரோ, மண்டபத்தின் இரண்டு பக்கமும் திறந்தே இருக்கும். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாட்டுக் குழுவின் இரண்டரை மணி நேரப் பயிற்சிக்கு வந்த 61 பேரில் 53 பேருக்குக் கொரோனா தொற்றியது, இருவர் இறந்தார்கள். சேர்ந்து மூச்சு விடுவதால் வரும் நன்மையும் தீமையும் ஒரே வழியில்தான் வருகின்றன.

இனி, சொல்லக் கூச்சமான பகுதி.

2024இல் ஒரு கலாசாரப் போட்டிக்கு அழைப்பு வந்தது. மேடைக்குப் பன்னிரண்டு பேர்தான் போகலாம். நாங்கள் அப்போது இருபத்தேழு பேர். தேர்வு செய்யும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில், கொழுந்தை உருட்டும் ரோலருக்குப் பக்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்கள் குழுவில் உண்டு. ‘ஸ்டோர் அண்ணன்’ என்போம். சுருதியோடு அவருக்கு உறவே கிடையாது. ஆனால் ஒரு வாரம் தவறியதில்லை. அவரை விடவும் மனமில்லை, பாடவிடவும் துணிவில்லை. பயிற்சியின்போது பக்கத்தில் போய்க் குனிந்து, “அண்ணன், மேடையில் நீங்கள் வாயை மட்டும் அசைத்தால் போதும்” என்றேன்.

சொல்லி முடித்து நிமிர்ந்தபோதுதான் என் வாயிலிருந்து வந்தது என்னவென்று எனக்கே கேட்டது.

அவர் தலையாட்டினார். மறுவாரம் வரவில்லை. அவரோடு இன்னும் நான்கு பேர் வரவில்லை. தேர்வாகாத மற்றவர்கள் மெல்ல மெல்ல நின்றார்கள். போட்டியில் மூன்றாம் இடம், ஒரு கண்ணாடிக் கேடயம். அடுத்த மூன்று மாதம் மண்டபத்தில் பத்துப் பேருக்கு மேல் சேரவில்லை. வந்தவர்களும் ஒருவர் குரலை ஒருவர் நிறுத்துப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். தூக்கமும் என்னிடமிருந்து பழையபடி விலகிப் போனது.

தீபாவளிக்கு முந்திய வாரம் முறுக்குப் பொட்டலத்தோடு அவர் காம்பராவுக்குப் போனேன். மன்னிப்பை எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் ஒத்திகை. அவர் இஸ்தோப்பில் இருந்தார். நான் பேசியதில் பாதி அவருக்கு விளங்கவில்லை. கையைக் காதுக்குக் குவித்தார். “சேர், முப்பத்தொரு வருடம் ரோலர் சத்தத்தில் காது போய்விட்டது. பாட்டு எனக்குச் சரியாகக் கேட்காது. எல்லோரும் சேர்ந்து பாடும்போது இங்கே அதிரும்” என்று நெஞ்சில் தட்டினார். “அதற்குத்தான் வந்தேன். வாயை மட்டும் அசைத்தால் அதிராது.”

அதன்பின் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை. திருவிழாவில் பாடுவோம், அன்று யார் வருகிறார்களோ அத்தனை பேரும் பாடுவார்கள். கேடயம் கோயில் அலுமாரியில் கற்பூரப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. ஸ்டோர் அண்ணன் தப்புக்கும் மிருதங்கத்துக்கும் நடுவில் உட்காருகிறார், அந்த இடம் அவருக்கே. நான் அவர் பக்கத்தில். இரண்டு சுருதி கெட்டவர்களை ஒரே மூலையில் வைத்தது நல்ல ஏற்பாடு என்று மனைவி சொல்கிறார்.

போன ஆனி மாதம் ஒரு ஞாயிறு. தென்மேற்குப் பருவமழை எங்கள் பக்கம் எப்படிப் பெய்யும் என்பது மஸ்கெலியாப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். பாட்டு பாதியில் இருக்கும்போது தகரக் கூரையில் கொட்டத் தொடங்கியது. ஹார்மோனியம் முழுகியது, தப்பு முழுகியது, அம்மாயியின் குரலும் முழுகியது. அம்மாயி நிறுத்தவில்லை. கையை மட்டும் உயர்த்தி அடியின் தொடக்கத்தைக் காட்டினார். இருபத்துச் சொச்சம் பேரும் அவர் வாயைப் பார்த்துப் பாடினோம். யார் குரலும் யாருக்கும் கேட்கவில்லை. சுற்றிப் பார்த்தால் எல்லோரும் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பது போலவே இருந்தது. ஸ்டோர் அண்ணன் மட்டும் கண்ணை மூடி, உள்ளங்கையை நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தார். நானும் வைத்துப் பார்த்தேன். அதிர்ந்தது.